பழைய கற்கோயிலை டிஜிட்டலாக ஆவணப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கோயிலைத் திருப்பணிக்கு முன்பே முழுதாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். கணக்கு சொல்ல ஒரு மாதிரி வேண்டுமே. அதற்காகக் காவிரிப் படுகையில் பரவலாகக் காணும் சிறிய சோழர் காலக் கற்றளி (கற்கோயில்) ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 5 மீட்டர் சதுர விமானம், முன்னால் 4 மீட்டர் நீள அர்த்தமண்டபம், தரையிலிருந்து கபோதம் (சுவருக்கு மேல் வெளியே நீளும் கல் இறவாரம்) வரை சுமார் 4 மீட்டர் உயரம்.

நாங்கதான் நூத்துக்கணக்குல போட்டோ எடுத்து வச்சிருக்கோமே, இதுல புதுசா என்ன?

அழகுக்காக எடுத்த படத்தில் அளவு இருக்காது. துர்க்கையின் கோஷ்டம் (சுவர் மாடம்) இருக்கும், அதற்குக் கீழே இரண்டாவது கல் இருக்காது. ஆவணத்துக்கான படத்தொகுப்பு அப்படியல்ல. கோயிலின் ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று படங்களிலாவது, வெவ்வேறு இடத்தில் நின்று எடுத்ததாக, விழுந்திருக்க வேண்டும். அளவுகோல் தெரிய வேண்டும். எந்தச் சுவர், எந்தத் திசை, எந்தத் தேதி என்ற குறிப்பு இருக்க வேண்டும். இவை இருந்தால் போட்டோகிராமெட்ரி மென்பொருள் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கோயிலின் முப்பரிமாண வடிவத்தை மில்லிமீட்டர் கணக்கில் மீட்டுத் தரும்.

பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் பயன் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கல்லுக் கோயில் எங்கேயும் ஓடிப்போகப் போறதில்லையே. அப்படி என்ன அவசரம்?

கோயில் ஓடாது, கல்லில் இருப்பது போய்விடும். மணலை வீசிச் சுத்தம் செய்தால் கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கும். சிமெண்ட் பூச்சு ஒரு வரியையே விழுங்கும். அதிஷ்டானத்தை (கோயிலின் அடித்தளத்தை) பிரித்துத் திரும்பக் கட்டியபோது கற்கள் இடம் மாறி, கல்வெட்டு பாதி வாக்கியத்தில் அறுந்து வேறு சுவரில் தொடர்வதைப் பல கோயில்களில் பார்க்கலாம். அதனால் முதல் கல் அசைவதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தை 2010-இல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசர் ஸ்கேனரால் அளந்து வைத்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரையும் கோபுரக் கூம்பும் எரிந்து விழுந்தபோது, மறுசீரமைப்புக்கு உதவிய ஆவணங்களில் அதுவும் ஒன்று. நம் பக்கத்து உதாரணம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர். அங்கிருந்து திருடுபோன செப்புத்திருமேனியை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது. அது 2014-இல் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் முக்கியமான சான்று. யாரோ ஒருவர் கோயிலுக்குள் நின்று பொறுமையாக எடுத்து வைத்த படம்.

யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கோ தக்காருக்கோ எழுத்தில் விண்ணப்பம், இணை ஆணையர் அலுவலகத்துக்கு நகல். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அந்த வட்டத்தின் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கு எழுதுங்கள். அங்கே முக்காலி வைக்கவே தனி அனுமதி தேவை. மாநிலத் தொல்லியல் துறைக் கோயிலென்றால் அந்தத் துறைக்கு. கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருப்பதால், செல்போனில்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

காகிதத்தில் அனுமதி வாங்கிவிட்டுக் குருக்களிடம் பேசாமல் போவது பெரிய தவறு. எந்த நேரத்தில் நடை சாத்துவார்கள், எதுவரை போகலாம், எந்தச் சன்னிதிக்கு எப்போது திரை போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படங்களின் ஒரு பிரதியைக் கோயிலுக்கே தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும்.

லேசர் ஸ்கேனர் வேணுமா, கேமரா போதுமா? என் ஐபோன்லயே லிடார் இருக்கே?

நம் மாதிரிக் கோயிலுக்குக் கேமரா போதும். கல்வெட்டுக்குக் கேமராதான் நல்லது. முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனர் ஒரு முழுக் கட்டடத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் வேகமாக அளக்கும். ஆனால் எழுத்தின் வெட்டே சில மில்லிமீட்டர் அகலந்தான் என்பதால், எழுத்து அதில் மங்கிப்போகும். பெரிய பிராகாரம், நூற்றுக்கணக்கான தூண்கள், வெள்ளையடித்த வெறுஞ்சுவர் என்றால் ஸ்கேனருக்கு வாடகை கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

செல்போன் லிடாரின் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரியின்) எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். சென்டிமீட்டர் கணக்கில் பிசகும். தரைப்படத்துக்கும், எந்தச் சன்னிதி எங்கே என்று குறிக்கவும் உதவும், அவ்வளவுதான்.

கேமராவுல என்ன செட்டிங்?

ஜூம் லென்ஸ் வேண்டாம். அதுதான் இருக்கிறது என்றால் ஒரே குவிய நீளத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை, கையில் பிடித்தால் நொடியில் 125-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம், எல்லாம் மேனுவலில். ஒரு வரிசையைத் தொடங்கும்போது ஃபோகஸை ஒருமுறை பிடித்து, பூட்டிவிடுங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். அது உள்ளே கண்ணாடியை அசைப்பதால் மென்பொருள் போடும் லென்ஸ் கணக்கு குழம்புகிறது.

ரா கோப்பும் (கேமரா பிடித்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பு) சேர்ந்தே பதிவாகட்டும். ஒவ்வொரு வரிசையின் முதல் படத்திலும் வண்ண அட்டை தெரிய வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். கிட்டே போனதும் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவும் வசதியை நிறுத்தாவிட்டால் பாதிப் படங்கள் பொருந்தாமல் போகும்.

எத்தனை படம் எடுக்கணும்? எப்படிச் சுத்தி வரணும்?

24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 24 மி.மீ. லென்ஸ், சுவரிலிருந்து 2 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்குள் சுமார் 2 மீட்டர் அகலமும் 1.3 மீட்டர் உயரமும் அடங்கும். ஒரு பிக்சல் கல்லில் 0.33 மி.மீ. அடுத்தடுத்த படங்கள் பக்கவாட்டில் நான்கில் மூன்று பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். அதாவது அரை மீட்டருக்கு ஒரு படம். நம் கோயிலின் வெளிச்சுற்று, முன் வாசல் பக்கம் நீங்கலாக, சுமார் 23 மீட்டர், ஆக ஒரு வரிசைக்கு 46 படம். உபானத்திலிருந்து (அதிஷ்டானத்தின் அடிவரிசை) கபோதம் வரை ஏழு வரிசை. ஒவ்வொரு நிலையிலும் நேராக ஒன்று, இடம் சாய்த்து ஒன்று, வலம் சாய்த்து ஒன்று. மொத்தம் 970 அளவில் வரும்.

அதன்பின் கல்வெட்டுள்ள ஜகதி, குமுதம், பட்டிகைக்கு (அதிஷ்டானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கல்வரிசைகளுக்கு) 80 செ.மீ. தூரத்தில் இன்னொரு சுற்று: 20 சென்டிமீட்டருக்கு ஒரு படமாக மூன்று வரிசை, சுமார் 350. இப்போது ஒரு பிக்சல் 0.13 மி.மீ., ஆகவே எழுத்தின் விளிம்பு தெளிவாக நிற்கும். இந்தக் கிட்டப் படங்களுக்கும் 2 மீட்டர் படங்களுக்கும் நடுவே, 1.3 மீட்டர் தூரத்தில் ஒரு சுற்றும் தேவை. இல்லாவிட்டால் மென்பொருளால் இரண்டு தொகுப்பையும் இணைக்க முடியாமல் போவதுண்டு.

நின்ற இடத்திலேயே கேமராவை மட்டும் திருப்பித் திருப்பி எடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கால் நகர வேண்டும். மூலையில் திரும்பும்போது பத்துப் பத்து டிகிரியாகத் திரும்புங்கள். ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்து, முதல் ஐந்தாறு படங்களை மறுபடியும் எடுத்துச் சுற்றை மூடுங்கள்.

எத்தனை மணிக்குப் போகலாம்?

முப்பரிமாணப் பதிவுக்கு மேகமூட்டமான நாள் உத்தமம். நிழல் நகர்ந்தால், சுவரில் இல்லாத கோடு கணினி உருவாக்கும் முப்பரிமாண மாதிரியில் வந்துவிடும். வெயில் நாளென்றால், அந்தந்தச் சுவர் நிழலில் இருக்கும் நேரத்துக்கு முறை பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிய கோயிலின் வட சுவர், பிரம்மாவும் துர்க்கையும் இருக்கும் பக்கம், அக்டோபர் முதல் மார்ச் நடு வரை வெயிலே படாது. அதைக் கடைசியில் வைத்துக்கொண்டாலும் கெடுதலில்லை.

கல்வெட்டை வாசிக்கப் படம் எடுப்பது இதற்கு நேரெதிர். அதற்குச் சாய்வெயில் வேண்டும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், காலையும் மாலையும் வட சுவரை ஒட்டி ஒளி உரசிக்கொண்டு போகும். நண்பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில், அந்த அரைமணி நேரம் கல்வெட்டின் தொடக்கச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எழுந்து நிற்கும்.

அளவு எப்படிக் கொடுக்கிறது? டேப்பால அளந்தா போதுமா?

துணி டேப் நீளும், தொய்யும். எஃகு டேப்போ கையடக்க லேசர் அளவியோ வேண்டும். அதைவிட நல்லது, இரு முனையிலும் குறி ஒட்டிய 1 மீட்டர் அளவுகோல்கள் இரண்டு. ஒன்றைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் சாய்த்து வையுங்கள். சுவரில் எதையும் ஒட்டவோ ஆணி அடிக்கவோ வேண்டாம்.

கோயிலின் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து தூரங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டை மென்பொருளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாதிரி தயாரான பின் அந்த இரண்டையும் அதில் அளந்து பாருங்கள். 5 மீட்டரில் 5 மி.மீ.க்குள் இருந்தால் சரி. 2 செ.மீ. பிசகினால் எங்கோ சுற்று மூடவில்லை என்று அர்த்தம்.

கல்வெட்டு தேஞ்சுபோய்க் கண்ணுக்கே தெரியல. சாக்பீஸ் தேய்ச்சா தெரியுதே?

தயவுசெய்து வேண்டாம். சுண்ணக்கட்டியோ மாவோ கல்லின் நுண்துளையில் தங்கிவிடும். தேய்க்கும் கை, தனக்குத் தோன்றிய எழுத்தைத்தான் எழுதும். அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தைக் கல்வெட்டென்று வாசிப்பார். தொல்லியல் துறையினர் ஈரத்தாளைத் தூரிகையால் தட்டிப் பதியவைத்து, தாளின் மேல் மையொற்றி மைப்படி எடுப்பது காலங்காலமாக நடக்கும் நல்ல முறை. ஆனால் பொரிந்து உதிரும் கல்லில் அதற்கும் போகக் கூடாது.

கல்லைத் தொடாமல் படிக்க ஆர்டிஐ என்ற ஒளித்திருப்பு முறை இருக்கிறது. 2001-இல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு உருவாக்கிய உத்தியிலிருந்து வளர்ந்தது. கேமராவை முக்காலியில் கல்லுக்கு நேரெதிராக அசையாமல் நிறுத்துங்கள். படத்தில் விழும் பகுதியின் ஓரத்தில் பளபளப்பான இரண்டு கறுப்பு உருண்டைகளை வையுங்கள். படத்தில் ஒவ்வொன்றும் 250 பிக்சலாவது அகலம் இருக்க வேண்டும். ஒருவர் ஃபிளாஷைக் கையில் பிடித்துக் கல்லின் எதிரே குடைபோலச் சுற்றி வந்து, 15 முதல் 65 டிகிரி வரை பல கோணங்களில் 48 முதல் 60 படம் எடுக்க வேண்டும். கல்லின் மூலைவிட்டம் 70 செ.மீ. என்றால் விளக்கு 2 மீட்டர் தள்ளி. தூரம் மாறாமலிருக்க அந்த நீளத்துக்கு ஒரு நூலை ஃபிளாஷில் கட்டிக்கொள்ளுங்கள். நூல்முனை கல்லின் அருகே வரட்டும், மேலே படவேண்டாம். முக்காலியை யாராவது ஒருமுறை இடித்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதும் வீண், மறுபடி தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் ரீலைட்லேபில் ஏற்றினால், திரையில் விளக்கை நீங்களே எந்தப் பக்கமும் திருப்பி வாசிக்கலாம்.

குமுதம் உருண்டையா இருக்கு. வரி வளைஞ்சு மேலயும் கீழயும் மறையுதே, நேரா எப்படிப் படிக்கிறது?

கிட்டச் சுற்றில் இதற்காகவே மூன்று வரிசை சொன்னோம்: ஒன்று நேராக, ஒன்று மேலிருந்து கீழ்நோக்கி, ஒன்று தரையோடு ஒட்டி மேல்நோக்கி. மூன்றாவதற்குத் தரையில் படுத்துத்தான் ஆக வேண்டும். அதை விட்டவர்களின் மாதிரியில் குமுதத்தின் அடிவரி கிழிந்து தொங்கும். மாதிரி கிடைத்ததும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் உருளையை விரித்துத் தட்டையாக்கலாம். எண்பட்டைக் குமுதமென்றால் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி நேர்ப்படம் எடுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மாதிரியிலிருந்து வண்ணத்தை எடுத்துவிட்டு, குழிக்கு மட்டும் நிழல் கொடுங்கள். பாசியும் எண்ணெய்க் கறையும் மறைத்திருந்த எழுத்துகள் பல, நிறம் போனதும் துலங்கும்.

மண்டபத்துல தூணெல்லாம் ஒரே மாதிரி. சாப்ட்வேர் ரெண்டு தூணை ஒண்ணாக்கிடுச்சு.

மென்பொருளுக்கு ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற வெட்டுப்போதிகைத் தூண்கள் (உத்தரத்தைத் தாங்கும் தலைப்பகுதி சாய்வாக வெட்டப்பட்டவை) வேறுவேறு என்று தெரியாது. ஒவ்வொரு தூணின் அடியிலும் எண் குறியிட்ட காகிதத் தட்டிகளை நிறுத்தி வையுங்கள். எல்லாம் வெவ்வேறு குறிகளாக இருக்க வேண்டும். மண்டபத்துக்குள் நுழையும் வாசலில் படங்களை நெருக்கமாக எடுங்கள். வெளிச்சுற்றையும் உட்புறத்தையும் இணைப்பது அந்த வாசல் ஒன்றுதான்.

உள்ளே இருட்டென்பதால் முக்காலியும் நீண்ட ஒளிபதிவு நேரமும் தேவை. எண்ணெய் பூசி மின்னும் சிலையில், பளபளப்பு நகரும் இடமெல்லாம் மாதிரியில் பள்ளமாக விழும். விளக்கின் முன் தளவிளைவுத் தாளும் (போலரைசர் தாள்), லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் போட்டால் மினுமினுப்பு அடங்கும். கருவறையைப் பொறுத்தவரை, விடமாட்டோம் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். வெளி அளவுகளை வைத்துத் தரைப்படத்தில் அந்த இடத்தை வெறுமையாகக் காட்டினால் போதும்.

விமானத்துக்கு மேல ட்ரோன் விடலாமா?

ட்ரோன் விதிகள் 2021-இன்படி பதிவு எண் வேண்டும். பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி வரை பறக்கலாம். நானோ (250 கிராம் வரை) வகைக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோ (2 கிலோ வரை) வகைக்கும் ஓட்டுநர் சான்று தேவையில்லை. மண்டலம் மாறக்கூடியது, பறக்கும் நாளன்றே வரைபடத்தைப் பாருங்கள். ஆனால் இந்த அனுமதி வானத்துக்குத்தான். கோயிலின் அனுமதி தனி. கலசத்துக்கு மேலே பறப்பதைப் பலர் விரும்பமாட்டார்கள். எங்கள் கணிப்பில், கபோதத்துக்கு மேலுள்ள கிரீவமும் (விமானத்தின் கழுத்து) சிகரமும் 6 மீட்டர் கம்பின் நுனியில் கட்டிய கேமராவுக்கே பெரும்பாலும் எட்டிவிடும். சுதையில் ஒரு கீறலும் விழாது.

அடுத்த வாரமே கல்லைப் பிரிக்கப் போறாங்க. எல்லாத்தையும் பண்ண நேரமில்லை. எதை விடலாம்?

மாதிரி உருவாக்குவதை விடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். படமும் அளவும் இன்றைக்கு விட்டால் கிடையாது. முதல் நாள் 2 மீட்டர் சுற்று, இரண்டாம் நாள் கல்வெட்டுக் கிட்டச் சுற்று. அதற்குமேல் நேரமிருந்தால் தேய்ந்த கற்களுக்கு மட்டும் ஆர்டிஐ.

அதோடு கல்லுக்குக் கல் எண் கொடுங்கள். ‘தெ–ஜ–07’ என்றால் தெற்கு, ஜகதி, கிழக்கிலிருந்து 7-ஆவது கல். இந்த எண்களை அச்சிட்ட படத்தின் மேல் எழுதி, ஸ்தபதியிடம் ஒரு பிரதியும் கோயில் அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுங்கள். எனாமல் பெயின்டால் எழுத்திருக்கும் முகத்திலேயே எண் போடுவது வழக்கமாக நடக்கிறது. அந்தப் பெயின்ட் எழுத்தின் பள்ளத்தில் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. கல் திரும்ப அமரும்போது மறையும் மேல்முகத்தில், சுண்ணாம்பால் எழுதச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வராமல், முதல் நான்கு கல்லுக்குக் கூடவே நில்லுங்கள்.

எந்த சாப்ட்வேர்? ஓட்டை விழுந்த இடத்தை ஏஐ வச்சு நிரப்பலாமா?

மெஷ்ரூம் இலவசம், என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை தேவை. மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்குவது. ரியாலிட்டிகேப்சர் (புதுப் பெயர் ரியாலிட்டிஸ்கேன்) தனிநபருக்கு இலவசம். 1,500 படத்துக்கு 32 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி.

ஓட்டையை நிரப்பக் கூடாது. படம் இல்லாத இடம் ஓட்டையாகவே இருக்கட்டும். இயந்திரம் கற்பனை செய்த தாமரை இதழை இருபது ஆண்டு கழித்து ஒரு ஸ்தபதி நிஜமென்று நம்பிச் செதுக்குவார். 2023-க்குப் பிறகு பரவிய காஸியன் ஸ்பிளாட் (படங்களிலிருந்து மங்கலான வண்ணத் திட்டுகளால் காட்சியை உருவாக்கும்) முறை கண்ணுக்கு அப்படியே கோயிலுக்குள் நிற்பதுபோல் இருக்கும். காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அளப்பதற்கு வேண்டாம்.

எங்கே சேமிக்கிறது? இணையத்துல போட்டா சிலைத் திருடனுக்கு வழி காட்டுற மாதிரி ஆகாதா?

ரா கோப்பு ஒன்றுக்கு 28 எம்பி வைத்தால் 1,500 படம் 42 ஜிபி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். புள்ளிமேகத்தை (அளந்த புள்ளிகளின் தொகுப்பை) இ57 வடிவிலும், மெஷ்ஷை (அப்புள்ளிகளை இணைத்த பரப்பை) பிஎல்ஒய் அல்லது ஓபிஜே வடிவிலும் வையுங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பு மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் மூடும் நாளில் உங்கள் உழைப்பும் மூடும். கோப்புறையில் ஓர் எளிய உரைக்கோப்பு வேண்டும்: ஊர், வட்டம், கோயில் பெயர், தேதி, கேமரா, லென்ஸ், அளந்த தூரங்கள், எடுக்க முடியாமல் விட்ட இடங்கள்.

சுவர், தூண், கல்வெட்டைத் தாராளமாகப் பகிருங்கள். பயம் நியாயமானது உற்சவ மூர்த்திகள் விஷயத்தில்தான். அவற்றை நான்கு பக்கமும் பீடத்தின் அடியும் தெரிய, அளவுகோலோடு, ஒட்டுப்போட்ட இடமும் உடைந்த விரலும் தனித்தனியாகத் தெரியும்படி எடுங்கள். அந்தக் குறைகள்தான் பின்னால் அடையாளம் காட்டும். எடுத்ததைக் கோயிலிடமும் துறையிடமும் கொடுங்கள், பொதுவில் போடாதீர்கள். பகிரும் படங்களிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள்.

மசூதி, சர்ச்சுக்கும் இதே முறைதானா?

கீழக்கரையின் பழைய கல் மசூதிக்கு அப்படியே பொருந்தும். அங்கேயும் கல் தூண்தான், போதிகைதான். 1718-இல் கட்டிய தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம் போன்ற சுண்ணாம்புச் சுவர்க் கட்டடங்களில் சிக்கல் வரும். ஒரே வெள்ளையாக இருக்கும் பரப்பில் மென்பொருள் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லை. அங்கே ஸ்கேனர், இல்லையென்றால் சுவர் முன்னே நிறுத்திய குறித் தட்டிகள். தொழுகை, பூசை, திருப்பலி நேரம் எங்கேயானாலும் கேமரா பைக்குள் இருக்க வேண்டும்.

எங்க கோயில்ல கும்பாபிஷேகமே முடிஞ்சிடுச்சு. இனிமே என்ன பண்றது?

ஊரில் வீடு வீடாகக் கேளுங்கள். கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் பழைய சுவர் இருக்கும். தேதியோடு ஸ்கேன் செய்யுங்கள். ஒரே சுவர் மூன்று நான்கு படங்களில் விழுந்திருந்தால் சிறிதளவு வடிவத்தையும் மீட்கலாம். கோயிலின் கல்வெட்டுகள் முன்பே படியெடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று, 1887 முதல் வரும் மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். அதில் ‘தெற்கு ஜகதி’ என்று குறித்த கல்வெட்டு இப்போது அங்கே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பிறகு நந்தவனத்து மூலையையும், குளத்துப் படிக்கட்டையும், மடப்பள்ளிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தையும் சுற்றி வாருங்கள். திருப்பணியில் மிஞ்சிய கற்கள் அங்கேதான் கிடக்கும். ஒவ்வொன்றையும் ஆறு பக்கமும் சேர்த்து 60 படம், பக்கத்தில் அளவுகோல், கிடந்த இடத்தின் குறிப்பு. எழுத்துள்ள பக்கம் மண்ணுக்குள் இருந்தால் நீங்களே புரட்டாதீர்கள். கடப்பாரை முனை பட்டால் ஒரு வரி போய்விடும். கோயில் அலுவலகத்தில் சொல்லி, சாக்குப் போட்டு, நான்கு பேர் வைத்துப் புரட்டச் சொல்லுங்கள்.